தேதி தவறிய மறுநாள்



ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. கரண்ட் பில்லுக்கு ஒன்று, காஸ் சிலிண்டருக்கு ஒன்று. நகைக்கடன் வட்டி பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம், காலையும் மாலையும் அழைப்புதான். இத்தனை பேர் நம்மைத் தேடிப்பிடித்து ஞாபகப்படுத்துகிறார்கள். பிள்ளையின் கண்ணை மறுபடி காட்ட வேண்டிய தேதியோ பல வீடுகளில் ஓ.பி. சீட்டின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கியபடி, மருந்துக்கடைக் கவருக்குள் மடிந்து கிடக்கிறது.

இந்த இதழில் அந்தத் தேதியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்க ஆள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில், 2013 முதல், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி கிடைத்தது. வகுப்பாசிரியரே எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் படிக்க வைப்பதையும் பார்த்திருப்பீர்கள். குறை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுவரை வண்டி ஓடிவிடுகிறது. அதற்குப் பிறகு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் போய்விடுகிறோம். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவையில்தான் பிசகுகிறது.

பெரியவர்களுக்குக் கண்புரை என்றால் இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் அறுவை செய்து பார்வையை மீட்டுவிடலாம். குழந்தைக் கண்ணின் கணக்கு வேறு. பார்க்கப் பழகுவது மூளையின் வேலை, அதற்கு வயது வரம்பு உண்டு. ஒரு கண் மங்கலாகவே இருந்தால் மூளை அதைக் கழித்துவிட்டு மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்கும். சோம்பேறிக் கண் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நல்ல கண்ணைப் பிளாஸ்திரியால் மூடி, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். இந்தக் குறையைக் கொண்டுவரக்கூடிய மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு இந்த வயதைக் கோட்டை விட்ட வீடுகள் நம் ஊரில் எத்தனையோ.

பிளாஸ்திரி ஒட்டுவதற்கு ஒரு நற்செய்தியும் உண்டு. மிதமான குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டினாலே ஆறு மணி நேரத்துக்கு ஈடான பலன் கிடைக்கிறது என்று 2003-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆனால் இடையிடையே டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மங்கிய கண் தேறியிருக்கிறதா, மூடி வைத்த நல்ல கண் மங்கிவிடவில்லையே என்று இரண்டையும் கவனிக்க வேண்டும். பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்த குழந்தைக்கும் இப்படித்தான். கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருக்கும். ஆபரேஷன் முடிந்தது என்று நாம் நிம்மதியாகும் நாளில்தான் உண்மையான வைத்தியம் ஆரம்பிக்கிறது.

குறைமாதக் குழந்தைகள் விஷயம் இன்னும் அவசரம். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. தந்தை விடாமல் வழக்கு நடத்தினார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரு தேதியைச் சொல்லாமல் விட்டதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையை இந்தத் தொகையால் ஈடுகட்ட முடியுமா என்பது வேறு விஷயம்.

ஃபோனில் ஞாபகப்படுத்தினால் வருவார்களா? சீனாவின் குவாங்சோ நகரத்துக் கண் மருத்துவமனை ஒன்றில், கண்புரைக் குழந்தைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பிய பிரிவில் நூற்றுக்கு 91 வருகை, அனுப்பாத பிரிவில் 62. 2012-இல் வெளிவந்த ஆய்வு இது. கென்யாவின் கிடாலே பகுதியில் 50 பள்ளிகளில் செய்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கும் ஆசிரியர்கள்தான் பரிசோதித்தார்கள். பழைய முறையில் சீட்டு மட்டும் கொடுத்த பள்ளிகளில் குறை கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்மார்ட்ஃபோனில் பரிசோதித்து, நினைவூட்டும் குறுஞ்செய்தியும் அனுப்பிய பள்ளிகளில் 54 பேர். இதில் குறுஞ்செய்தி மட்டுமே செய்த வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளைக்கு உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று மங்கலாக்கிய படம் ஒன்றையும் பெற்றோருக்குக் கொடுத்தார்கள். அந்தப் படத்துக்கே பாதி மதிப்பெண் கொடுப்பேன் நான்.

இதை அப்படியே தூக்கி நம் ஊரில் வைத்தால் நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். முதல் சிக்கல், யாருடைய நம்பர்? பதிவுச் சீட்டில் அப்பாவின் நம்பர் இருக்கும். அவர் செங்கல் சூளையிலோ சென்னையில் கட்டட வேலையிலோ இருப்பார். பிரசவம் முடிந்த பெண் குழந்தையோடு தாய்வீட்டில் இருப்பாள். செய்தி போய்ச் சேரும், குழந்தை போய்ச் சேராது. ரீசார்ஜ் செய்ய முடியாமல் நம்பரே மாறியிருக்கவும் கூடும். அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் வரும் செய்தி, லோன் வேண்டுமா என்று கேட்கும் நூறு செய்திகளுக்கு நடுவே காணாமல் போகும். தமிழில் ஒரு குரல் பேசினால் எழுத்து தெரியாத ஆயாவுக்கும் புரியும்.

எப்போது அழைப்பது என்பதும் முக்கியம். சின்னக் குழந்தைக்குக் கண்ணாடி பவர் பார்ப்பதற்கு முன், மூன்று நாள் வீட்டிலேயே அட்ரோபின் மருந்து போட்டு வரச் சொல்வது பல இடங்களில் வழக்கம். முந்தின நாள் ராத்திரி வரும் அழைப்பால் அந்த அம்மாவுக்கு என்ன பயன்? ஐந்து நாளுக்கு முன்னால் வந்தால் மருந்தும் போடலாம், வேலைக்கும் சொல்லிவைக்கலாம், பஸ்ஸுக்குக் காசும் புரட்டலாம். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். ரிவ்யூ தேதி அமாவாசையில் விழுந்தால், மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் குழந்தையோடு பஸ் ஏறிப் பாருங்கள், அப்புறம் தெரியும். தேதி குறிக்கும் மேசையில் இருப்பவர் தினசரிக் காலண்டரையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்னாலும், எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அந்த அம்மா தேதியை மறப்பதில்லை. நன்றாகவே ஞாபகம் இருக்கும். மல்லாட்டை பிடுங்கும் நேரம், போக முடியவில்லை. ஒரு வாரம் போகிறது. வியர்வையில் பிளாஸ்திரி நிற்கவில்லை, பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை பிய்த்துப் போட்டுவிட்டது. இப்போது போனால் டாக்டர் திட்டுவார். “ஏம்மா இத்தனை நாள் வரல? ஏன் ஒட்டல?” எல்லார் முன்னாலும் கேட்பார்கள். சீட்டு இனிமேல் செல்லுமோ என்னவோ, திரும்பவும் முதலிலிருந்து வரிசையில் நிற்கச் சொல்வார்களோ. இப்படியே ஒரு மாதம் ஆறு மாதமாகி, பிள்ளை இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும்.

அதனால் தேதிக்கு முன்னால் வரும் அழைப்பைவிட, தேதி தவறிய மறுநாள் வரும் அழைப்புக்கு வலு அதிகம் என்று நினைக்கிறேன். அதை எந்திரக் குரல் செய்யாமல் ஆஸ்பத்திரிச் செவிலியர் ஒருவரே செய்தால் நல்லது. “பாப்பா எப்படிம்மா இருக்கு? நேத்து உங்கள எதிர்பார்த்தோம். பரவாயில்ல, வர்ற புதன்கிழமை வாங்க. அதே சீட்டு போதும். பிளாஸ்டர் ஒட்ட முடியலன்னாலும் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்.” அரை நிமிஷம்கூட ஆகாது. பல பரிசோதனைகளை ஒன்றாக அலசிய காக்ரேன் ஆய்வு, வருகையைக் கூட்டுவதில் குறுஞ்செய்தியும் தொலைபேசி அழைப்பும் ஏறக்குறைய சமம் என்கிறது. செலவைக் கணக்கிட்டால் குறுஞ்செய்திதான் லாபம். முன்கூட்டிச் சொல்வதற்கு அது போதும், ஒப்புக்கொள்கிறேன். வராமல் போனவரைத் திரும்ப அழைக்கும் வேலைக்கு மனிதக் குரல்தான் வேண்டும் என்பது என் கட்சி.

வாசகர்களிடம் சில வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டால், பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவருடைய நம்பரைக் கொடுங்கள், பாட்டியுடையதானாலும் சரி. இரண்டாவது நம்பர் ஒன்றும் எழுதச் சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வருகிறதென்று ஒரேயடியாகத் துண்டிக்காதீர்கள், ஒரு முறை கேட்டுவிட்டு வையுங்கள். பள்ளி ஆசிரியர்கள், உங்கள் வகுப்பில் கண்ணாடி எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் ரிவ்யூ தேதிகளை வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி தவறியிருந்தால் அந்த அம்மாவைப் பார்க்கும்போது குற்றம் சாட்டாமல் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் மாவட்டத்துக் கண் மருத்துவமனைகளில் இப்படி மறுநாள் அழைக்கும் வழக்கம் எங்கேயாவது இருந்தால், அங்கே வேலை செய்கிறவர்களோ அழைப்பு வந்து திரும்பப் போன பெற்றோரோ எங்களுக்கு எழுதுங்கள். யார் அழைக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று கேட்டு, அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்