மலைவாழ் விதவையும் இன்ஷியூரன்ஸ் சட்டமும்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து ஆயுள் இன்ஷியூரன்ஸ் கட்டியவன் இறந்தபின், அவன் நோயை மறைத்தானென்று கம்பெனி பணத்தை மறுக்குமாயின், அவன் மனைவி செய்வது யாது? விதியென்று வாளாவிருக்க வேண்டுவதில்லை.

1938-ம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015-ல் திருத்தப்பட்டபடி, பாலிஸி தொடங்கி மூன்று வருஷம் கடந்தால் எக்காரணம் பற்றியும் அதனை ஆட்சேபிக்கலாகாதெனத் தடுக்கிறது. அதற்குமுன் ஆட்சேபிப்பதாயின், காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். ஆனால் மோசடியென்று சாட்டப்பட்டால், அதனைப் பொய்யென்று நாட்டும் பாரம், இறந்தவனின் வாரிசுகள்மீதே விழுகிறது. இது நியாயமன்று. இன்ஷியூரன்ஸ் எடுக்கும்படி கேட்டுப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் ஏற்படும் விஷயத்தில் கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார் என்று அதே பிரிவு கூறுவதையும் மறத்தலாகாது.

பரிகாரம் உண்டு. முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அது மறுத்தாலும், ஒரு மாதம் மௌனஞ் சாதித்தாலும், அதன்பின் ஒரு வருஷத்துக்குள் சென்னை இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமும் வக்கீலுமின்றி மனுச் செய்யலாம். சேலம் நுகர்வோர் கமிஷனுக்குச் செல்ல இரண்டு வருஷ அவகாசமுண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களும், மலையாளிப் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையுடையோர்.

உரிமை சேலத்திலும், அதற்குரியவள் மலைமேலும் இருந்து பயனென்ன? ஜில்லா சட்ட உதவிக் குழுவினர் ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறிச் செல்லட்டும். தேசத் தொண்டர்கள் மனு எழுதிக் கொடுக்க முன்வரட்டும். மோசடியை நிரூபிக்கும் பாரத்தைக் கம்பெனியின்மீதே வைக்குமாறு பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்துவது அவசியம்.