நமக்கும் ஓர் இருக்கை

சாரல் காலத்தில் குற்றாலத்தில் நீராடச் செல்லும் நீரிழிவு நோயாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாறையில் வெறுங்காலுடன் நடந்ததில் உள்ளங்காலில் காயம். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தமையால் வலி தெரியவில்லை. நான்காம் நாள் கால் வீங்கி, காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்கு மருத்துவர் மட்டும் போதாது. புண்ணைத் தூய்மை செய்து கட்டும் செவிலியர், மருந்தை விளக்கும் மருந்தாளுநர், புண்ணில் பாரம் படாமல் நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவர் ஆகியோரும் வேண்டும். எனினும் இந்நால்வரும் படிக்கும் காலத்தில் பெரும்பாலும் சேர்ந்து அமர்ந்ததில்லை. என் தந்தையாருக்குக் கால்புண் வந்தபோது ஒருவர் ஒன்று கூற, மற்றொருவர் வேறு கூற, எதைக் கேட்பது என்று நான் திகைத்து நின்றேன்.

இக்குறையைப் போக்கவல்லது குழுவழிக் கற்றல். அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி மைக்கேல்சன், தம் வகுப்பில் மாணவர் தொகை பெருகியபோது, 1970களின் இறுதியில் இதனை வகுத்தார். மாணவர் பாடத்தை முன்னரே படித்து வருவர். முதலில் தனித்தனியே ஒரு சிறு தேர்வு. பின்னர் அதே வினாக்களுக்கு ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு கலந்து பேசி ஒரே விடை காணும். அதன்பின் ஒரு நோயாளியின் நிலை தரப்படும். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் தம் முடிவை அறிவித்துக் காரணம் கூற வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, இம்முறை பல இடங்களில் கணினித் திரைக்கு மாறியது.

தென்காசிக்கு இது நல்வாய்ப்பு என்பேன். 2019இல் நாம் தனி மாவட்டமான பின்னும், எம்.பி.பி.எஸ். பயில நம் பிள்ளைகள் பலர் திருநெல்வேலிக்கோ அதற்கு அப்பாலோ செல்கின்றனர். திரை வழியே அங்குள்ள மருத்துவ மாணவியும் இங்குள்ள செவிலிய மாணவியும் ஒரே குழுவில் வாதிடலாம். (மழைநாளில் இணையம் அறுந்துபோவது வேறு கதை.)

திரையில் படித்தவருக்குப் பாதத்தின் நாடியைத் தொட்டறிய வருமா என்று கேட்பீர்கள். வராது. அதற்கு நோயாளியின் படுக்கையருகே நிற்கத்தான் வேண்டும். ஆனால், “ஐயா, இந்த மருந்தின் அளவு சரிதானா?” என்று மூத்த மருத்துவரிடம் இளம் செவிலியர் கேட்கும் துணிவையும், அதைச் சினமின்றிக் கேட்கும் பொறுமையையும் இருவரும் சேர்ந்து பழகினால்தான் பெறமுடியும். சில வேளைகளில் நோயாளியின் உயிரே அக்கேள்வியில் தங்கியிருக்கும்.

என் மனக்குறை வேறு. அக்குழுவில் நோயாளியின் வீட்டார் இல்லை. இரவுதோறும் அவருடைய உள்ளங்காலைப் பார்ப்பவர் யார், குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கு வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி மருத்துவ மாணவர் இன்று கிராமக் குடும்பங்களை நேரில் சென்று காண்கின்றனர். அவ்வாறே, இசைவு தரும் பராமரிப்பாளர் ஒருவரை, பெயரை மறைத்தேனும், ஒரு மணி நேரம் திரைக்குழுவில் அமர்த்தலாகாதா?

அதுவரை, உங்கள் படுக்கையருகே மாணவர் குறிப்பேட்டுடன் வரும்போது நோயை மட்டும் கூறி நிறுத்தாதீர்கள். கழிப்பறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்பதையும் கூறுங்கள்.