பாய் இறங்கிய துறைகள்

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பாய்க்கப்பல் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அமெரிக்கக் கடலோடி றொபின்சன் விலைக்கு வாங்கிய அக்கப்பலின் பழைய பெயர் அன்னபூரணி. அது கட்டப்பட்ட ஊர் வல்வெட்டித்துறை; செலுத்திச் சென்றவர்களும் அவ்வூராரே. இதனை மேடைதோறும் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அக்கப்பலை ஈன்ற தொழில் எங்கே போயிற்று என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அது குடும்பத் தொழில். மூத்தவர் முதலிட்டார்; உறவினர் சரக்குக் கொண்டனர்; இளையவர் தண்டையலாய்ப் பாய் விரித்தனர். பர்மாவிலிருந்து அரிசி வந்தது. மலையாளக் கரையிலிருந்து ஓடும் மரமும் வந்தன. கப்பலுடைய திருமேனியார் குடும்பத்து வேங்கடாசலம்பிள்ளை எடுப்பித்த சிவன் கோயில் அச்செல்வத்துக்கு இன்றும் சான்று. கமக்காரனுக்கும் இதிற் பங்குண்டு. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாய் விளங்கியது கடல்வழியால் அன்றோ?

நீராவிக் கப்பலே இத்தொழிலை அழித்தது என்பர். அது முழு உண்மையன்று. நீராவிக் கப்பல்கள் இக்கடலில் ஓடிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே அன்னபூரணி அமெரிக்கா சென்றது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அரிசி வழி அடைபட்டது. சுதந்திரத்தின் பின் இரு அரசுகளின் கடவுச்சீட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அண்டைக் கரையை அந்நிய நாடாக்கின. நேர்வழி அடைபடவே சிலர் கள்ளக்கடத்தலில் இறங்கினர்; பழியோ ஊர் முழுவதன் மீதும் விழுந்தது. 1983இன் பின் மூண்ட போர் எஞ்சியதையும் விழுங்கிற்று. காற்று மாறவில்லை, சட்டமே மாறிற்று.

நம்மீதும் குற்றமுண்டு. அரசாங்க உத்தியோகமே வாழ்வென்று பிள்ளைகளுக்குப் போதித்தோம். கூட்டாக முதலிடும் துணிவை இழந்தோம்.

2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆயினும், பயணிகள் சென்றுவருவதால் மட்டும் கமக்காரனின் வெங்காயம் விலைபோகாது. வடபகுதித் துறைகளிற் சிறு சரக்குக் கப்பல்களுக்கு இடமும், அங்கேயே சுங்க அனுமதியும், கப்பல் வாங்கக் கடனும் வேண்டும். இவற்றைக் கேட்பது நமது அரசியற் பிரதிநிதிகளின் கடன்.

கேட்டுவிட்டுக் கைகட்டி இருத்தலும் ஆகாது. கமக்காரரின் விளைவும், கற்றோரின் சேமிப்பும், கடலோடிகளின் அறிவும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று சேரட்டும். அன்று ஒரு குடும்பம் செய்ததை இன்று ஒரு சமூகம் செய்ய இயலாதா?