மருந்தில்லாப் பிரசவம் வேறு, நாதியில்லாப் பிரசவம் வேறு!

"தோட்டத்துப் பொம்பளைக்கு வலி என்ன வலி? காலையிலே காய் எடுப்பாள், சாயங்காலம் பிள்ளையைப் பெற்றுக் கையிலே வைத்துக்கொண்டு நிற்பாள். ஊசியும் மருந்தும் டவுன்காரிகளுக்குத்தான்!"

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குச் சம்பளத்தோடு லீவு கேட்டு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். லீவு கிடைக்கவில்லை, இந்த உபதேசம்தான் கிடைத்தது.

தோழர்களே, இது நம் பெண்களைப் புகழும் பேச்சுபோலத் தோன்றும். ஏமாந்துவிடக் கூடாது. "உனக்கு வலிக்காது" என்கிறவன் அடுத்தபடியாக "ஆகையால் உனக்கு ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லப்போகிறான். லீவு தேவையில்லை, வண்டி தேவையில்லை, டாக்டர் தேவையில்லை. அத்தனை செலவும் அவனுக்கு மிச்சம். ஏலச்செடியில் பூச்சி கண்டால் மருந்தடிக்க இவர்கள் ஒரு நாளும் மறந்ததில்லையே!

இன்னொரு பக்கம் பெரிய பட்டணங்களைப் பாருங்கள். "மருந்தில்லா இயற்கைப் பிரசவம்" என்று பயிற்சி வகுப்பு, தனி அறை, கையைப் பிடித்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆள். எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். அங்கே மருந்தில்லாமல் பெறுவது சீமாட்டியின் விருப்பம். இங்கே அது கூலிக்காரியின் கதி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து நம்மைக் குழப்புகிறார்கள். மருந்தில்லாமல் பெறுவது வேறு, நாதியில்லாமல் பெறுவது வேறு. இரண்டையும் அனுபவித்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு பிரசவம்

முதல் பிரசவம் 2003ல். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தும் பிள்ளை எப்படி வெளியே வருகிறது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாட்டிமார் சொன்னதுதான்: "பொம்பளைக்குப் பிரசவம் மறுபிறவி." ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் தாயாரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மல்லாக்கப் படு, எழுந்திருக்காதே என்று உத்தரவு. ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. பயத்தில் கத்தினேன். "புருஷனோடே இருக்கும்போது இனிச்சுதா? இப்போ ஏன் கத்துறே?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நம் பெண்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது என்று வீட்டிலே விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது பிரசவம் 2008ல். அதற்குச் சற்று முன்னால், ரிட்டையரான நர்ஸம்மா ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். ஏழாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் என்னையும் வேறு மூன்று பெண்களையும் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். கர்ப்பப்பையின் வாய் மூடியிருக்கிறது. ஒவ்வொரு வலியும் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறக்கிறது. பத்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முக்க வேண்டும், அதற்கு முன்னால் முக்கினால் வீண் களைப்பு. வலி ஒரேயடியாக நிற்பதில்லை. ஏறும், ஒரு நிமிஷத்தளவில் இறங்கும், நடுவே ஓய்வு உண்டு. ஏறும்போது மூச்சை அடக்காதே, மெல்ல விடு. தாடையையும் தோளையும் தளரவிடு. முடிந்தவரை நட, உட்கார், ஒருக்களித்துப் படு. இதையெல்லாம் சொன்னதோடு விடாமல் செய்யவும் வைத்தார். எட்டாம் மாதம் பிரசவ அறைக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

வலி கண்டபோது என் நாத்தனாரைக் கூட இருக்க விட்டார்கள். இடுப்பைத் தேய்த்துவிட்டாள், கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள், கூடவே நடந்தாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அந்த முதலாளியின் புளுகுக்கு நானும் துணைபோனவள் ஆவேன். கடைசியில் "என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டேன். "முடியாதென்று தோன்றினால் முடியப்போகிறது என்று அர்த்தம், நர்ஸம்மா சொன்னதை மறந்துட்டீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். அப்படியே ஆயிற்று. வலிக்கு ஒரு மருந்தும் வாங்காமல் பெண் குழந்தை பெற்றேன். குழந்தை பிறந்தவுடன் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி என்பதும் பாடத்தில் இருந்தது.

இரண்டு முறையும் மருந்தில்லைதான். ஆனால் முதல் முறை மிருகம்போலக் கிடந்தேன். இரண்டாம் முறை மனுஷியாக இருந்தேன்.

இந்தப் பாடம் யாருடையது?

நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது பட்டணத்துக் கடைக்காரன் கண்டுபிடித்ததல்ல. 1940களின் கடைசியில் சோவியத் நாட்டின் கார்க்கோவ் நகரில் வெல்வோவ்ஸ்கி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறை அது. மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊறப் பழக்கலாம் என்று பாவ்லவ் காட்டியிருந்தார். மனிதனைச் சொல்லும் அப்படிப் பழக்கும் என்றார்கள் இவர்கள். பத்து வயதிலிருந்து "மறுபிறவி, மறுபிறவி" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு முதல் வலி கண்டதுமே நடுக்கம் பிடிக்கிறது, உடம்பு இறுகுகிறது, வலி கூடுகிறது. பயத்தை ஊட்டியது சொல் என்றால், அறிவை ஊட்டவும் சொல்லால் முடியும்.

1951ல் பிரான்சு நாட்டு டாக்டர் பெர்னார் லாமாஸ் லெனின்கிராடில் ஒரு பெண் அமைதியாகப் பிள்ளை பெறுவதை நேரில் பார்த்தார். 1952ல் அதே முறையைப் பாரிசில் தொடங்கினார். எங்கே தொடங்கினார்? பணக்காரர் மாளிகையிலா? இல்லை. உலோகத் தொழிலாளர் சங்கத்தின் பிரசவ ஆஸ்பத்திரியில்! லேத்திலும் உலையிலும் நின்றவர்களின் மனைவிமார்தான் முதலில் இந்தப் பாடம் படித்தார்கள். 1956ல் போப்பாண்டவர் 12ஆம் பயஸ் கூட இது மதத்துக்கு விரோதமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அமெரிக்காவுக்குப் போய் "லாமாஸ் முறை" என்று பிரபலமாகி, இன்று விலைச்சீட்டோடு நம் ஊருக்கு வந்திருக்கிறது. தொழிலாளியின் வீட்டுச் சொத்தைத் தொழிலாளிக்கே விலைபேசுகிறார்கள்!

அந்த டாக்டர்கள் "வலியே இராது" என்று சொன்னது அதிகப்படி. பலருக்கு வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் பாடமும் துணையும் வீண்போகவில்லை. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2017ல் தொகுத்துப் பார்த்தபோது, பிரசவ நேரம் முழுக்கத் துணை இருந்தவர்களுக்கு ஆபரேஷனும் வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது தெரிந்தது. துணைக்கு ஆள், நடமாட அனுமதி, கேட்டால் வலிக்கு மருந்து என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018ல் சிபாரிசு செய்தது. கேட்டால் மருந்து என்பதைக் கவனியுங்கள். மருந்து வாங்கிக்கொள்கிறவள் கோழையல்ல. வேண்டாமென்று சொல்ல உரிமை வேண்டுமானால், வேண்டும் என்றால் கிடைக்கவும் வேண்டும்.

இரண்டு வியாபாரிகள்

ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே பெறு என்று உபதேசிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஆசிரியை ஒருவர் ரத்தப்போக்கில் உயிரிழந்தார். அடுத்த மாதம் கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைதானார். என் தொடையில் போட்ட அந்த ஒரு ஊசியும், பக்கத்தில் ரத்தமும் டாக்டரும்தான் ஆஸ்பத்திரியின் அர்த்தம். அதை விடச் சொல்லுகிறவன் நமக்கு நண்பனல்ல.

எதிர்ப்பக்கத்து வியாபாரி கத்தியோடு நிற்கிறான். தேவையான ஆபரேஷன் உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நல சர்வேயின்படி தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 100க்கு 36 பிரசவம் ஆபரேஷன். தனியாரிடத்தில் 100க்கு 64. தனியார் வாசலை மிதித்ததும் குழந்தைகள் குறுக்கே திரும்பிக்கொள்கின்றனவா?

ஜீப்பிலே பிறந்த குழந்தை

ஆரம்பத்தில் சொன்ன கர்ப்பிணி என்ன ஆனாள்? லீவு இல்லாததால் தினமும் விடியற்காலை ஜீப் ஏறினாள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் பகல் முழுக்கக் குனிந்த வேலை. ஏலக்காய் செடியின் அடியிலேதானே காய்க்கிறது! ஒன்பதாம் மாதம், திரும்பி வரும் வழியில் ஒரு வளைவில் வலி கண்டது. கூட வந்த பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் பிழைத்தாள். "பார்த்தீர்களா, பெற்றுவிட்டாள்!" என்றாராம் முதலாளி.

1961ல் வந்த மகப்பேறு நலச் சட்டமும், 2025ல் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டமும் சொல்வது ஒன்றுதான்: பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்தவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு. ஆனால் ஜீப்பில் போகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். பெயரே எழுதாவிட்டால் 80 நாளை யார் எண்ணுவது?

ஆகவே நாம் கேட்பது இவை: ஜீப்பில் வரும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், பிரசவ லீவு கிடைக்க வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து கிராமத்திலேயே, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், நர்ஸ் வந்து பாடம் சொல்ல வேண்டும். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்ற அனுமதி காகிதத்தில் உறங்கக் கூடாது. வலிக்கு மருந்து கேட்பவளுக்குக் கொடுக்க மயக்க மருந்து டாக்டர் வேண்டும். ஒருத்தியே பல கட்டில்களுக்கு ஓடும் நர்ஸ்களை நாம் பகைக்க வேண்டாம். கூடுதல் நர்ஸ்கள் வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான். ஆனால் பிரசவக் கட்டிலில் கிடப்பவளை இழிவாகப் பேசும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஆலையில் வேலை செய்யும் ஆண் தோழர்களே, இது பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாரிசில் அந்த ஆஸ்பத்திரியை நடத்திய சங்கத்தில் உங்களைப் போன்ற ஆண்கள்தான் நிறைய இருந்தார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கைகளையும் எழுதி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இந்தக் கட்டுரையை இன்று ராத்திரி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.