பாட்டு டீச்சரிடம் சொல்லாமல் நிற்கலாமா?

பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்க நல்ல நாள் பார்க்கிறோம். பல வீடுகளில் அது விஜயதசமி நாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைக்கிறோம். தட்சணையும் வைக்கிறோம். பிள்ளை டீச்சர் காலில் விழுந்து கும்பிடுகிறது. பாடம் ஆரம்பம் ஆகிறது.

பாட்டை நிறுத்தும்போது என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வது இல்லை!

ஒரு நாள் பிள்ளை போகாது. அடுத்த நாளும் போகாது. டீச்சர் போன் செய்தால், "ஜலதோஷம்" என்கிறார் அம்மா. "ஊரில் இல்லை" என்கிறார் அப்பா. பிறகு போனையே எடுப்பது இல்லை. டீச்சர் தானாகப் புரிந்து கொள்ள வேண்டுமாம்!

இது சரி அல்ல என்பது என் கருத்து.

நிறுத்துவது குற்றமா?

பாட்டை நிறுத்துவது குற்றம் அல்ல. பிள்ளைக்கு விருப்பம் இல்லாமல் போகலாம். வீட்டில் பணமுடை வரலாம். வேறு ஊருக்கு மாற்றல் ஆகலாம். வேறு ஆசிரியரிடம் சேர்க்க நினைக்கலாம்.

ஆசிரியரை மாற்றுவதும் துரோகம் அல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் மதுரையில் பிறந்தார். அவருக்கு முதல் குரு, அவரைப் பெற்ற தாயார் வீணை சண்முகவடிவு. பிறகு மதுரை சீனிவாச ஐயங்காரிடம் கற்றார். பின்னாளில் செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் கற்றார். அந்தச் செம்மங்குடியும் ஒருவரிடம் மட்டும் படித்தவர் அல்ல. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் முதலிய பலரிடம் படித்தவர்.

ஆகவே, போவது தவறு அல்ல. சொல்லாமல் போவதுதான் தவறு.

டீச்சருக்கு என்ன நஷ்டம்?

அந்தக் காலத்தில் குருகுலவாசம் இருந்தது. சீடன் குரு வீட்டிலேயே தங்கினான். வீட்டு வேலை செய்தான். வித்தை கற்றான்.

இன்று அப்படி இல்லை. வீட்டில் பாட்டு சொல்லிக் கொடுப்பவருக்கு மாதச் சம்பளம்தான் வருமானம். ஒரு டீச்சரிடம் 10 பிள்ளைகள் படிப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு பிள்ளை நின்றால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். வீட்டு வாடகையோ, மளிகைக் கடன் பாக்கியோ அதை நம்பி இருக்கும்.

உங்கள் பிள்ளைக்கு என்று வெள்ளிக்கிழமை மாலை 5 மணியை ஒதுக்கி இருப்பார். வேறு பிள்ளை வந்து கேட்டால், "இடம் இல்லை" என்று திருப்பி அனுப்புவார். நீங்கள் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையைச் சேர்த்துக் கொள்ளலாமே!

பணத்தைவிடப் பெரிய வேதனையும் உண்டு. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று அவர் மனம் கிடந்து தவிக்கும்.

பிள்ளை பார்க்கிறது

நீங்கள் போனில் சொல்லும் பொய்யைப் பிள்ளை கேட்டுக் கொண்டு இருக்கிறது. சங்கடம் வந்தால் ஒளிந்து கொள்ளலாம் என்று கற்றுக் கொள்கிறது. சரளி வரிசை மறந்தாலும் மறக்கும். இந்தப் பாடம் மறக்காது!

எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ சொல்ல வேண்டும். பிள்ளை தலையில் அந்தப் பாரத்தைச் சுமத்தக் கூடாது. மற்ற மாணவர்கள் எதிரில் சொல்ல வேண்டாம்.

"டீச்சர், இந்த மாதத்தோடு பாட்டை நிறுத்தலாம் என்று இருக்கிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. நேரம் போதவில்லை. இத்தனை நாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். ரொம்ப நன்றி."

இவ்வளவு போதும். அவர் வற்புறுத்தினால், "யோசித்துத்தான் முடிவு செய்தோம், டீச்சர்" என்று பணிவாகச் சொல்லுங்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லாமல், "பரீட்சை முடிந்ததும் வருகிறோம்" என்று சொல்லாதீர்கள். அவர் அதை நம்பிக் காத்திருப்பார்.

டீச்சர் மீது குறை இருந்தால்? முதலில் குறையைச் சொல்லுங்கள். திருத்திக் கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

சம்பள பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். இரவல் வாங்கிய சுருதிப் பெட்டியையும், பாட்டுப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுங்கள். ஜண்டை வரிசை முடிந்ததா, அலங்காரம் முடிந்ததா, கீதம் எத்தனை, வர்ணம் எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாளைக்கு வேறு ஆசிரியரிடம் சேர்ந்தால், அது உதவும்.

கடைசி நாளில் பழமும் பூவும் கொண்டு போங்கள். கற்றதில் ஒன்றைப் பிள்ளை பாடட்டும். கும்பிட்டு விடைபெறட்டும்.

இதற்கு மட்டும் மரியாதை வேண்டாம்

ஒன்றை மறக்கக் கூடாது. சொல்லிக் கொடுப்பவர் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்தால், ஒரு மாதம் அல்ல, ஒரு நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. அன்றே நிறுத்துங்கள். "குரு ஆயிற்றே" என்று வாயை மூடிக் கொண்டு இருக்காதீர்கள். குழந்தைகளைக் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. போலீசில் புகார் கொடுங்கள். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

"கோபித்துக் கொள்வாரே!"

நேரில் சொன்னால் டீச்சர் கோபித்துக் கொள்வார் என்று பலர் பயப்படுகிறார்கள். கோபம் வரலாம். வருத்தமும் வரலாம். அது நாலு நாளில் ஆறிவிடும். சொல்லாமல் நின்ற வருத்தம் லேசில் ஆறாது.

அவரை நாளைக்குக் கோவிலில் பார்ப்பீர்கள். காய்கறிக் கடையில் பார்ப்பீர்கள். அப்போது உங்கள் பிள்ளை தூணுக்குப் பின்னால் ஒளியக் கூடாது. எதிரே ஓடிப்போய், "வணக்கம், டீச்சர்!" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், நீங்கள் முறையாகப் பிரிந்தீர்கள் என்று அர்த்தம்.