மண் கோட்டைகள் போயின, மகால் நிற்கிறது

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், சேத்தூர் வழியாக வாசுதேவநல்லூர் வரை போகிறவர் கண்ணில் கோட்டை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் படாது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வழி நெடுகப் படைகள் நடந்தன. கொல்லங்கொண்டான், சேத்தூர், நெற்கட்டும்செவல் பாளையங்களை அடக்க முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தளபதி யூசுப்கான் வந்தார். 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பல் வந்தார். கோட்டைச் சுவரில் பீரங்கி உடைத்த இடத்தைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் உள்ளிருந்தவர்கள் அடைத்துவிட்டதைக் கம்பெனிப் படையினரே வியந்து எழுதினார்கள். அத்தனை உறுதியான மண் சுவர் என்பதால்தான், 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கோட்டைகளைத் தரைமட்டமாக்குவதில் கம்பெனி குறியாக இருந்தது. மிச்சமிருந்த மண்மேட்டை மழையும் ஏரும் கரைத்தன.

தோற்றவர் கட்டடம் அழிந்தது, வென்றவர் கட்டடம் நிலைத்தது என்று இதை முடித்துவிட முடியாது. நிலைத்தவை பெரும்பாலும் யாரோ ஒருவருக்குத் தொடர்ந்து பயன்பட்டவை. மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதர் பிரித்தெடுத்தார். எஞ்சியதில் கம்பெனிச் சிப்பாய்கள் தங்கினார்கள். சென்னை ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1866-க்கும் 1872-க்கும் இடையில், மராமத்து நடந்தது. பிறகு நீண்ட காலம் நீதிமன்றம் இயங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே மன்னர் பெயரால் வழங்கும் மகாலும் நீதிமன்றமாக இருந்துதான் நம் கைக்கு வந்து, இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கூரை ஒழுகினால் புகார் எழுத ஒரு குமாஸ்தா உள்ளே இருந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

பயன்படுத்துகிறோம் என்ற பெயரில் தடுப்புச் சுவர் எழுப்பி, தூணில் ஆணி அடித்து, சிற்பத்தின் மேல் சுண்ணாம்பு பூசியவர்களும் இவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது பயன்பாட்டின் மேல் உள்ள குறை அல்ல, கண்காணிப்பு இல்லாததன் குறை. மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் அந்தக் கண்காணிப்புக்குத்தான் வழி செய்கிறது. வாசிப்பறை, வட்டாரக் காட்சியகம் போன்ற, சுவருக்குச் சுமையில்லாத வேலைகளை அனுமதித்தால் கட்டடத்தைக் கவனிக்க ஆளும் கிடைக்கும்.

அந்நியப் படை தங்கிய அடையாளத்தையும் நீதிமன்றத் தடயத்தையும் துடைத்துவிட்டு நாயக்கர் காலத்தை மட்டும் மீட்டால் என்ன என்பது இன்னொரு வாதம். அதில் உணர்ச்சி இருக்கிறது, வரலாறு இல்லை. 1806 ஜூலை 10 அதிகாலை, வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் சுட்டது வெள்ளையர் தங்கியிருந்த பாரக்ஸை நோக்கித்தான். அந்தப் பாரக்ஸை மறந்துவிட்டு எழுச்சியை எப்படி விளக்குவது? கம்பெனிப் படையில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள் என்பதும் மறைக்கக்கூடிய செய்தி அல்ல. பாளையங்களை அடக்க வந்த யூசுப்கானே பிறகு கம்பெனியை எதிர்த்து, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். எது நம்முடைய சுவர், எது அந்நியருடையது என்று கோடு போடுவது அவ்வளவு எளிதல்ல.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலில் அடுத்த மராமத்து தொடங்குவதற்கு முன், பிற்காலத்தில் சேர்ந்த ஒவ்வொரு சுவரையும் தொல்லியல் துறை அளந்து, படமெடுத்து, பதிவு செய்ய வேண்டும். எதை இடிப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். வாசலில் வைக்கும் பலகையில் நாயக்கருக்கு அடுத்து நீதிமன்றத்துக்கும், இடிக்கப்பட்ட பாளையக் கோட்டைகளுக்கும் சில வரிகள் ஒதுக்க வேண்டும்.