அக்கம்பக்கமும் அரசும்: எல்லைத் தமிழர்களுக்கு உதவி எட்டுவது எப்படி?

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிக்கு மூன்று உதவிகள் தேவை. புண்ணைக் கழுவிக் கட்ட ஒரு நர்ஸ் வேண்டும். வலிக்கு மருந்து வேண்டும். வீட்டில் இன்று உலை ஏறியதா என்று எட்டிப்பார்க்க ஒருவர் வேண்டும். முதல் இரண்டையும் அரசு கொடுக்கலாம். மூன்றாவதை அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க முடியும். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஒரு முறையாக நடத்திவரும் மாநிலம் கேரளம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் வாழும் தமிழ் மக்களுக்கு அந்த முறை எவ்வளவு தூரம் எட்டுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது நாம் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயமாகும்.

முறை பிறந்த கதை

1993-ம் ஆண்டில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியால் வலி நிவாரண சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. முற்றிய புற்றுநோயாளிகளுக்கு வேதனையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நிலையில் இருந்தவர்களைவிட வர இயலாமல் வீட்டில் கிடந்தவர்களே அதிகம். எனவே அந்தந்த ஊராருக்கே பயிற்சி கொடுப்பது என்ற யோசனை எழுந்தது. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர், கடைக்காரர், மாணவர், குடும்பப் பெண்கள் என்று பலரும் வாரத்தில் சில மணி நேரத்தை இதற்காக ஒதுக்க முன்வந்தனர். பணமும் பெரும்பாலும் ஊராரின் சிறு நன்கொடைகளாகவே சேர்ந்தது.

2008-ல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இந்தியாவில் இத்தகைய கொள்கையை அறிவித்த முதல் மாநிலம் கேரளமே. அதன் பிறகு பஞ்சாயத்துகள் தங்கள் ஆண்டுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கி, நர்ஸை நியமித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலம் வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஏற்பாட்டைச் செய்தன. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் கோழிக்கோட்டு நிலையத்தைத் தன் ஒத்துழைப்பு மையங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் மற்றொரு பக்கம் பெண்களின் அமைப்பு வளர்ந்தது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில் பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம் அமைக்கிறார்கள். அவை வார்டு அளவிலும் பஞ்சாயத்து அளவிலும் இணைக்கப்படுகின்றன. 2005-க்குப் பின் ஆஷா ஊழியர்களும் வந்து சேர்ந்தனர்.

சுருங்கச் சொன்னால் தொண்டர் கண்ணாகவும், பஞ்சாயத்து பையாகவும், சுகாதார நிலையம் கையாகவும் இயங்குகின்றன. பையில் பணமும் கையில் மருந்தும் இருந்து என்ன பயன்? இன்ன வீட்டில் இன்னார் கிடக்கிறார் என்று கண் பார்த்துச் சொன்னால்தானே மற்ற இரண்டும் அசையும்!

அட்டப்பாடி அனுபவம்

இதற்குப் பாலக்காடு மாவட்டத்திலேயே சான்று உண்டு. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளைக் கொண்ட அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என்னும் ஆதிவாசி மக்கள் வாழ்கின்றனர். 2013-ல் அங்கு பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் ஊட்டக்குறைவு முக்கிய காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கே அரசு அலுவலகங்கள் இல்லாமல் இல்லை. திட்டங்களும் பல இருந்தன. ஆயினும் கர்ப்பிணியின் தட்டில் சோறு விழவில்லை. பிறகு ஊர்தோறும் சமூக சமையலறைகள் ஏற்படுத்தப்பட்டன. குடும்பஸ்ரீ அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே சங்கங்களாகத் திரட்டியது. குறைகள் அடியோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஊர்ப் பெண்களின் கை சேராமல் சர்க்கார் பணம் அடுப்புவரை போய்ச் சேராது என்ற பாடம் அங்கே எல்லோருக்கும் விளங்கியது.

இரண்டு ஊர், இரண்டு பட்டியல்

இனி நம்மவர் நிலைக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிக்குச் சொந்த வீடு உண்டு, வார்டு உண்டு, மெம்பரையும் நேரில் தெரியும். உதவி கேட்க அவருக்கு ஒரு வாசல் இருக்கிறது.

மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கதை வேறு. அவர் குடியிருக்கும் லயன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகமே தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்த நாளில் அது பெரும் நன்மையே. ஆனால் அதில் ஒரு சிக்கலும் பிறந்தது. தோட்டத்துக்குள் இருப்பவரைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று பஞ்சாயத்து நினைக்கலாம். வேலையில் இருப்பவரைப் பார்த்தால் போதும் என்று கம்பெனி நினைக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோ மருமகளோ பேர் பதிந்து வேலை செய்வதால் அதே லயனில் ஒண்டியிருக்கும் முதியவர் யார் கணக்கில் வருவார்? அவர் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்; ஆபீசுக்குக் கேட்காது.

போதாததற்கு, ரேஷன் கார்டையும் ஓட்டையும் சொந்த ஊரில் வைத்திருப்போர் நம்மில் பலர். கடைசிக் காலத்தில் ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்ற எண்ணமே காரணம். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில் பெண் தொண்டர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். ஆனால் அவர் கயத்தாற்று வீட்டுக் கதவைத் தட்டும்போது நம் ஆள் மூணாற்று லயனில் அல்லவா படுத்திருக்கிறார்! ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுக்கு எந்த மாநிலத்திலும் அரிசி கிடைக்க வழி பிறந்துள்ளது. அரிசி எல்லை தாண்டிவிட்டது. மற்ற உதவிகள் இன்னும் தாண்டவில்லை.

பெட்டிமுடி சொன்ன பாடம்

2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பத்தினர். கனமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. பெரியவரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் படையினர் போய்ச் சேர்வதும் தாமதமாயிற்று. முதலில் மண்ணைத் தோண்டியவை அக்கம்பக்கத்துத் தொழிலாளர்களின் கைகளே. பின்னர் தீயணைப்புப் படை, வனத்துறை, போலீஸ், தேசியப் பேரிடர் மீட்புப் படை, தன்னார்வ இளைஞர்கள் என அனைவரும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தேடினர். அப்படியும் நால்வரின் உடல் கிடைக்கவில்லை. பிறகு குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுக்க, கம்பெனி வீடு கட்டித்தர, 8 குடும்பங்கள் குடியேற்றப்பட்டன.

அரசு, கம்பெனி, ஊரார் ஆகிய மூவரும் சேர்ந்தால் முடியாதது இல்லை என்பதற்கு அது சான்று. ஆனால் மூவரும் சேர எழுபது உயிர் போக வேண்டியிருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு டிவிஷனிலும் பயிற்சி பெற்ற தொண்டர் குழுவும், கம்பி அறுந்தாலும் வேலை செய்யும் வயர்லெஸ் வசதியும், எந்த லயனில் எத்தனை பேர் என்ற பட்டியலும் தயாராக இருப்பதே அந்த உயிர்களுக்குச் செய்யும் மரியாதையாகும்.

மொழி ஒரு மதில் அல்ல

வலி எங்கே என்று நோயாளி தாய்மொழியில்தான் சொல்வார். விண்ணப்பமும் அப்படியே. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்தது. உரிமை ஏட்டில் இருக்கிறது. பாரத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. எல்லைப் பஞ்சாயத்துகளில் தமிழ் அறிந்த ஒரு நர்ஸும், தமிழில் அச்சிட்ட ஒரு பாரமும் பல மேடைப் பேச்சுகளைவிட அதிகப் பயன் தரும். இதைக் கேட்பது மலையாளத்துக்கு எதிரான செயலாகாது. 2020 ஊரடங்கின்போது பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீயும் நடத்திய சமூக சமையலறைகளிலிருந்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் சாப்பாடு போனதே! அங்கே மொழி குறுக்கே நிற்கவில்லை.

நம் பங்கு என்ன?

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னோம். நம்மவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கேரளத்திலேயே வாழ்ந்து கேரளத்திலேயே முதுமை அடைவோர் கார்டை இங்கே மாற்றிக்கொள்வதா, வேண்டாமா என்று இளமையிலேயே முடிவு செய்வது நல்லது. இரண்டு தோணியில் கால் வைத்தவனுக்கு வெள்ளம் வரும்போதுதான் புத்தி வரும். நம் பெண்கள் அயல்கூட்டத்தில் சேர வேண்டும். கிராம சபைக்குப் போக வேண்டும். பொங்கல் விழாவுக்கு வசூல் செய்யும் தமிழ்ச் சங்கங்கள், வார்டுக்கு இரண்டு இளைஞர்களையாவது நோயாளி பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பத்துப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.

சர்க்கார் நர்ஸ் வீட்டு வாசல்வரை வரத் தயாராக இருக்கிறார். எந்த வீடு என்று கைகாட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அடுத்த வீட்டுக்காரராகவே இருக்க முடியும்.